நாலு தெருக்காரர்



போன மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் தனியாக எடுத்து மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். திருச்சி அருகே லால்குடிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியது. கோடு போட்ட தாளில் நாலு பக்கம், அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. பதினோரு வருடம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தவர். நிர்வாகம் கைமாறியதும் வேலை போய்விட்டது. இப்போது வீடு, மனை வாங்கி விற்றுக் கொடுக்கும் தொழிலில் இறங்கியிருக்கிறார்.

"எங்க ஊர்ல புரோக்கர்னாலே ஆம்பளைங்க வேலைதான். எனக்கு இது பிடிச்சிருக்கு சார். ஆனா எல்லாரும் ஏதாவது ஒண்ணை மட்டும் பிடிச்சுக்கச் சொல்றாங்க. ஒருத்தர் அபார்ட்மென்ட்டுங்கறார், ஒருத்தர் குடோன்லதான் காசுங்கறார், இன்னொருத்தர் லேஅவுட்காரங்ககிட்ட சேர்ந்துடுங்கறார். நான் எதை எடுக்கறது? விசிட்டிங் கார்டுல பேருக்குக் கீழ என்ன போடறது?"

நம் பத்திரிகைக்கு இப்படியொரு கேள்வி வருவது புதிது. சிறுகதை திரும்பி வந்ததற்குக் கோபித்துக்கொண்டு வரும் கடிதங்கள்தான் இங்கே அதிகம். ஆனால் இந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு ஒரு மனிதரின் நினைவு வந்துவிட்டது. அவரைப் பற்றி எழுதாமல் பதில் சொல்ல முடியாது.

1994. கல்யாணமாகி ஒரு வருடம். மேற்கு மாம்பலத்தில் வீடு தேடிக்கொண்டிருந்தோம். ஒரு மளிகைக் கடையின் பி.பி. நம்பரில் பேசினால் கிடைப்பார் என்று ஒரு புரோக்கரைப் பற்றிச் சொன்னார்கள். பெரியவர், அறுபது இருக்கும். சைக்கிள், மஞ்சள் பை, அதற்குள் நீளவாக்கில் மடித்த ஒரு கணக்கு நோட்டு. முதல் வீடு எனக்கு உடனே பிடித்துப்போயிற்று. கீழ் வீடு, சிவப்பு சிமென்ட் தரை, பின்னால் ஒரு முருங்கை மரம். வாடகை 1,200 ரூபாய். எங்கள் கைக்கு அடக்கம். நான் தலையாட்டிவிட்டேன். அவர் என் மனைவியைப் பார்த்தார். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம்.

"இது உங்களுக்கு வேண்டாம் சார்" என்றார்.

ஏன் என்று கேட்டேன். "பக்கத்துல லேக் வியூ ரோடுன்னு பேர் வச்சிருக்கான் பாத்தீங்களா? அந்தக் காலத்துல இங்க ஏரி. ஐப்பசியில அது தன் வீட்டைத் தேடிக்கிட்டு வரும். கைக்குழந்தையை வச்சுக்கிட்டு நீங்க கட்டில் மேல உக்காந்திருக்கணும்."

இரண்டு நாள் கழித்து அடுத்த தெருவில் ஒரு மாடி வீடு காட்டினார். வாடகை 150 ரூபாய் கூடுதல். வீட்டுக்காரர் காலை ஐந்தரைக்கு மோட்டார் போடுவார், அரை மணிக்கு மேல் போட மாட்டார். கேட்டால் கோபம் வரும், கேட்காவிட்டால் தங்கமான மனுஷன் என்று முன்கூட்டியே சொன்னார். ஏழு வருடம் அந்த வீட்டில் இருந்தோம். மோட்டார் ஐந்தரைக்குத்தான் ஓடியது.

பிறகு என் தம்பிக்கு அசோக் நகரில் வீடு வேண்டியிருந்தது. அவரிடமே கேட்டேன். கூப்பிடு தூரம்தான். தலையை ஆட்டி மறுத்துவிட்டார். "என்னோடது நாலு தெரு சார். அதுக்கு அந்தாண்ட எவன் எப்ப மோட்டார் போடுவான்னு எனக்குத் தெரியாது."

அவர் எந்தப் புத்தகமும் படித்துவிட்டு அந்த முடிவுக்கு வந்திருக்க மாட்டார். ஆனால் புதிதாகத் தொழிலுக்கு வரும் ஏஜென்டுகள் 'எதில் பணம் அதிகம்' என்று விசாரிப்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த மோட்டார்தான் ஞாபகம் வருகிறது. ஒரு சொத்தைப் பார்த்ததும் அதில் ஓட்டை எங்கே இருக்கும் என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டும். 'இது உங்களுக்கு வேண்டாம்' என்று காரணத்தோடு சொல்ல முடிய வேண்டும். அப்படிச் சொல்ல முடிகிற இடம் எதுவோ அதுதான் அவருடைய துறை. எல்லாவற்றுக்கும் 'பிரமாதம் சார்' சொல்பவருக்கு இன்னும் துறை வாய்க்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

அந்த 'பிரமாதம்' எனக்கு எவ்வளவு செலவு வைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சில வருடம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை வேனில் ஏற்றி, செங்கல்பட்டு தாண்டி ஒரு மனைப்பிரிவுக்கு அழைத்துப் போனார்கள். கலர் அடித்த கல், கொடி, குடை, மதியம் பிரியாணி. அழைத்துப் போனவர் இன்சூரன்ஸும் பார்ப்பார், சீட்டும் பிடிப்பார், மனையும் விற்பார். முன்பணம் கொடுத்துவிட்டு வந்தேன். மனைக்குப் போகும் வழி வேறொருவருடைய பட்டாவில் கிடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. அழைத்துப் போனவரைக் கேட்டபோது அவருக்கும் அது புதுச் செய்திதான். ஏமாற்றுக்காரரைக்கூட ஒரு விதத்தில் புரிந்துகொள்ளலாம். விற்கிற பொருளைப் பற்றித் தெரியாமலே விற்ற அந்த நல்ல மனிதர்மேல் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. முன்பணம் போனது போனதுதான்.

சரி, சகோதரியின் கேள்விக்கு வருகிறேன். அவருக்கு யோசனை சொன்னவர்கள் ஒவ்வொன்றாக அடுக்கியிருக்கிறார்கள். யாரும் வாடகை வீட்டைச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தேன். வாடகை புரோக்கர் என்றால் ஊரில் ஓர் இளக்காரம் இருக்கிறது. 15,000 ரூபாய் வாடகை வீட்டுக்கு ஒரு மாத வாடகை கமிஷன் என்று வைத்தால் 15,000. அறுபது லட்சத்துக்கு ஒரு பிளாட் கைமாறி ஒரு சதவீதம் கிடைத்தால் 60,000. கணக்கு பார்த்தால் நாலு மடங்கு. ஆனால் அந்த வாடகை வீடு ஒரு வாரத்தில் முடிந்துவிடும். அந்த பிளாட்டுக்குக் கடன் கிடைக்குமா, விற்பவரின் அண்ணன் கையெழுத்துப் போடுவாரா என்று ஆறு மாதம் இழுக்கும், ஏழாவது மாதம் கலைந்தும் போகும். நடுவில் ஆடி மாதம் வரும், மார்கழி வரும். அந்த இரண்டு மாதமும் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள், வீடு மாற மாட்டார்கள். புதிதாக வருகிறவர் வீட்டில் அரிசி இருக்க வேண்டுமே.

அரிசிக்கு மட்டும் இதைச் சொல்லவில்லை. ஊரைப் படிக்க வாடகையைப்போல ஒரு பள்ளிக்கூடம் இல்லை. எந்தத் தெருவில் தண்ணீர் உப்பு, எந்த வீட்டுக்காரர் வெளிநாட்டில் மகனோடு போய் இருக்கத் தயாராகிறார், எந்த வீட்டில் அண்ணன் தம்பிக்குள் பேச்சு நின்றுபோயிற்று என்பதெல்லாம் வாடகைக்கு வீடு காட்டுகிறவர் காதுக்குத்தான் முதலில் வரும். விற்பனைக்கு வரப்போகும் வீடு எது என்பது அவருக்கு ஒரு வருடம் முன்னாலேயே தெரிந்துவிடும்.

அந்த வேலையிலும் தெரிந்துகொள்ள எவ்வளவோ இருக்கிறது. 2017-ல் இயற்றப்பட்ட தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது அது. வேறு மாதிரி பேசி எழுதிக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வீட்டு முன்பணம் கேட்கக் கூடாது. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் வாங்கிப் பழகிய வீட்டுக்காரரிடம் இதை எடுத்துச் சொல்ல ஒரு தனி சாமர்த்தியம் வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. 'சைவமா?' என்ற கேள்வியின் பின்னால் என்ன கேட்கிறார்கள் என்பது வாடகை புரோக்கருக்குத் தெரியும். அதைத் தன் வாயால் இன்னொருவரிடம் கேட்பதா, அந்த வீடே வேண்டாம் என்று வருவதா என்பதைத் தொழிலின் முதல் வாரத்திலேயே அவர் முடிவு செய்தாக வேண்டியிருக்கும். நம் சகோதரி எந்தப் பக்கம் நிற்பார் என்று அவருடைய கடிதத்தைப் படித்த எனக்குச் சந்தேகமில்லை.

குடோன் விஷயத்தில் எனக்கு அதிகம் சொல்ல இல்லை. பணம் உண்டுதான். நாற்பதடி கண்டெய்னர் லாரி உள்ளே வந்து திரும்ப இடமிருக்கிறதா, கூரை எத்தனை அடி உயரம், தீயணைப்புத் துறையின் சான்று இருக்கிறதா, மின் இணைப்பு எத்தனை கிலோவாட் தாங்கும் என்று கேட்பார்கள். ஒரு கம்பெனி முடிவெடுக்க ஒரு வருடம் ஆகும். ஏற்கெனவே தொழிற்சாலையிலோ லாரி அலுவலகத்திலோ இருந்து வந்தவருக்கு அது சரிப்படும்.

பழைய அடுக்ககங்கள் சென்னையின் சங்கதி. மயிலாப்பூரிலும் அடையாறிலும் எழுபதுகளில், எண்பதுகளில் கட்டியவை இப்போது இடித்துக் கட்டும் வயதுக்கு வந்துவிட்டன. 2022-ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்த பிறகு, மூன்றில் இரண்டு பங்கு வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம். பன்னிரண்டு வீட்டில் எட்டுப் பேரைச் சம்மதிக்க வைத்து, மிச்ச நாலு பேரோடும் தினமும் படியில் முகம் பார்த்துப் பேசும் பொறுமை இருந்தால், அங்கே ஓர் ஆயுள் முழுக்க வேலை இருக்கிறது. அதில் யாருக்கு எவ்வளவு நிலம் என்பதுதான் எல்லாம். யூடிஎஸ் என்று சொல்கிறார்களே, பிரிக்கப்படாத நிலப் பங்கு, அதைப் பழைய பத்திரத்தில் எழுதாமலே விட்டிருப்பார்கள். அதைக் கண்ணில் பட்டவுடன் பிடிக்கத் தெரிந்தவருக்கு அந்தத் துறை. திருச்சியில் தில்லைநகர்ப் பக்கம் அந்தக் காலம் வருவதற்கு இன்னும் சில வருடம் ஆகலாம்.

மனைப்பிரிவுக் கம்பெனியோடு சேர்வதைப் பற்றி, வேனில் போய் வந்தவன் என்ற முறையில், கொஞ்சம் விரிவாகச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி, அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அன்றைக்குத் தமிழ்நாட்டுப் பத்திர அலுவலகங்களின் வாசல் எப்படி வெறிச்சோடியது என்பதைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். கலர்க்கல் நட்டவர்களில் பாதிப் பேர் வேறு தொழிலுக்குப் போனார்கள். 2017-ல் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்றார்கள். அதற்குள்தான் ரேரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டமோ, எட்டு வீட்டுக்கு மேற்பட்ட கட்டடமோ பதிவு செய்தாக வேண்டும். அதில் விற்றுக் கொடுக்கும் ஏஜென்டும் பதிவு செய்தாக வேண்டும். பதிவில்லாமல் விற்றால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம், சொத்து மதிப்பில் ஐந்து சதவீதம் வரை அது ஏறிக்கொண்டே போகும்.

ஆகவே இன்றைக்கு ஒழுங்கான மனைப்பிரிவு இல்லாமலில்லை. திருச்சி பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் 2025-ல் திறந்த பிறகு அந்தப் பக்கமெல்லாம் கல் நடுவதைச் சகோதரியே பார்த்திருப்பார். ஆனால் கம்பெனி ஏஜென்டாகச் சேர்கிறவர் விற்கப்போவது ஒரே ஒரு பொருளை. அதில் குறை தெரிந்தாலும் 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமை அவருக்கு இல்லை. மாதக் கடைசியில் எத்தனை மனை முடித்தாய் என்று கேட்பவர் மேலே இருப்பார். ஆறு மாதம் சேர்ந்து பேசக் கற்றுக்கொள்ளலாம். அதுவே துறை என்று நினைத்துவிட வேண்டாம்.

திருச்சி என்றால் வெளிநாட்டுக் குடும்பங்களையும் விட முடியாது. விமான நிலையத்தில் சிங்கப்பூர், துபாய் விமானம் வந்து இறங்கும்போது போய் நின்று பாருங்கள். அவர்களுக்கு இங்கே சொத்து உண்டு, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. வெளிநாட்டில் குடியிருக்கும் இந்தியர் இங்கே வீடு வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க முடியாது. இதை அறியாமல் வயலைக் காட்டி ஆறு மாதம் வீணாக்கிய ஏஜென்டுகளை எனக்குத் தெரியும். இன்னொரு பக்கம் பவர் பத்திரம். பவரை மட்டும் வைத்துக்கொண்டு சொத்து கைமாறிவிட்டதாகச் சொல்ல முடியாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் காலமானால் பொதுவாகப் பவரும் அன்றோடு முடிந்தது. ஷார்ஜாவில் இருக்கிறார் என்று சொல்லப்படுபவர் உண்மையில் உயிரோடு இருக்கிறாரா என்று ஒரு வீடியோ அழைப்பில் முகத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. சிரிக்காதீர்கள், இதுவும் நடந்திருக்கிறது.

இவ்வளவும் எழுதிய பிறகு அவருடைய கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். கடைசிப் பக்கத்தில், கையெழுத்துக்குக் கீழே, இடம் பத்தாமல் ஓரத்தில் சாய்த்து மூன்று வரி எழுதியிருந்தார். முதல் முறை அதைச் சரியாகப் பார்க்கவில்லை.

"எங்கப்பா கிராம உதவியாளரா இருந்தவர். சின்ன வயசுல அவரோட வயல் வயலா போயிருக்கேன். இப்பவும் தெருவுல யாராவது பட்டா, பத்திரம் எடுத்துட்டு வந்து இதுல என்ன போட்டிருக்குன்னு படிச்சுச் சொல்லச் சொல்வாங்க. காசெல்லாம் வாங்கறதில்ல."

நாலு பக்கம் கேள்வி கேட்டுவிட்டு, பதிலை ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறார்!

லால்குடிப் பக்கம் அய்யன் வாய்க்காலும் பெருவளை வாய்க்காலும் பாயும் பூமி. அங்கே நிலம் விற்பவர் இன்னும் மாக் கணக்கில்தான் பேசுவார். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. வாங்க வருபவர் சென்னையிலிருந்து சதுர அடியில் கேட்பார். பத்திரத்தில் ஏக்கரும் சென்ட்டும் இருக்கும், பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் இருக்கும். ஒரு மா என்றால் ஏறக்குறைய 33 சென்ட், ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று நாலு மொழியையும் மனக்கணக்கில் மாற்றிச் சொல்லும் ஒருவர் நடுவில் நின்றால், பாதி சண்டை அங்கேயே தீர்ந்துவிடும்.

பதிவு அலுவலகம் பத்திரத்தைப் பதியும். நிலம் விற்பவருடையதுதான் என்று அது உத்தரவாதம் தருவதில்லை. இது நம்மில் படித்தவர்களுக்கே தெரியாது. வில்லங்கச் சான்றில் ஒன்றுமில்லை என்றால் வில்லங்கமே இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். பதியாத உயில் அதில் வராது. வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்டது வராது. எண்பதுகளில் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்தபோது அண்ணன் பெயர் விழ வேண்டிய இடத்தில் தம்பி பெயர் விழுந்திருந்தால், அந்தப் பிழை பட்டாவில் இன்றும் உட்கார்ந்திருக்கும். 'குடும்பத்தில் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்?' என்ற கேள்வியை எத்தனை புரோக்கர்கள் கேட்கிறார்கள்? தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டு என்று சட்டம் திருத்தினார்கள். 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. அண்ணன் தம்பி மூவர் மட்டும் கையெழுத்துப் போட்ட பத்திரத்தைக் காட்டினால், அந்த வீட்டு அக்கா எங்கே என்று கேட்க ஒரு பெண் ஏஜென்ட்டுக்கு வாய் வரும். அந்த அக்காவின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே விசாரிக்கவும் அவரால்தான் முடியும். ஆம்பளைங்க வேலை என்று யார் சொன்னது?

வயலில் இன்னும் சில கேள்விகள் உண்டு. யார் உழுகிறார்? டெல்டாவில் குத்தகைதாரருக்கு 1955-லிருந்தே சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. நிலச் சொந்தக்காரர் விற்றாலும் உழுகிறவரைச் சும்மா வெளியேற்ற முடியாது. நிலத்துக்குப் போகும் வழி பட்டாவா, வண்டிப்பாதையா, பக்கத்து வயலின் வரப்பா? புலப்படத்தில் வாய்க்கால் என்று கோடு போட்டிருக்கும் இடத்தில் இப்போது வேலி போட்டிருக்கிறார்களா? கோயில் நிலமா? 1892-ல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலமா? அந்த நிலம் எத்தனை பத்திரத்தில் கைமாறியிருந்தாலும் ஒடுக்கப்பட்ட மக்கள் அல்லாதவர் அதை வாங்கவும் கூடாது, அவர்களுக்கு விற்றுக் கொடுக்கவும் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அது ஒரு குடும்பத்தின் வாயிலிருந்து எடுத்தது.

அப்பாவின் பின்னால் வரப்பில் நடந்த பெண்ணுக்கு இதெல்லாம் கால் அறிந்த விஷயம். திருவெறும்பூர் பிளாட்டைப் பற்றி அவர் புதிதாகப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்ரீரங்கத்தில் கட்டடம் ஒருவருடையது, அடிமனை கோயிலுடையது என்று வருடக்கணக்கில் நடக்கும் வழக்குகளை இனிமேல்தான் புரிந்துகொள்ள வேண்டும். லால்குடி வயலைப் பார்த்தால் அவருக்கே தெரியும்.

சகோதரிக்கு எழுதிய பதிலில் இந்தத் தொழிலில் உள்ள கஷ்டத்தையும் மறைக்கவில்லை. நில விற்பனையில் கமிஷன் இரண்டு சதவீதம் என்பார்கள், கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் ஒரு வயலுக்கு நாலைந்து பேர் சங்கிலியாகத் தொங்குவார்கள். டீக்கடையில் தகவல் சொன்னவருக்குக்கூடப் பங்கு. பேச்சு முடிந்ததும் வாங்குபவரும் விற்பவரும் நேராகச் சேர்ந்துகொண்டு புரோக்கரைக் கழற்றிவிடுவதும் உண்டு. கமிஷனை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும், வங்கி வழியாகப் பெற வேண்டும். நில பேரத்தில் ரொக்கம் 20,000 ரூபாயைத் தொட்டாலே வருமான வரிச் சட்டத்தின் தொல்லை வரும் என்பதை இரு தரப்புக்கும் சொல்லிவைக்க வேண்டும். சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடவும் தெரிய வேண்டும். முதல் இரண்டு வருடம் லால்குடியில் வாடகை வீடுகளும் பார்க்கட்டும் என்று எழுதினேன், அரிசிக்காக.

ஒரு யோசனையும் சொன்னேன். தொழிலில் முழுதாக இறங்கும் முன் ஒரு மாதம் சார்பதிவாளர் அலுவலக வாசலில், பத்திர எழுத்தர்கள் உட்காரும் மரத்தடியில் போய் உட்காருங்கள். முகூர்த்த நாளில் கூடுதல் டோக்கன் கொடுப்பார்கள், கூட்டம் பொங்கும். அஷ்டமி, நவமியில் காற்று வாங்கும். முகூர்த்த நாளில் சந்தோஷமாக வருகிறவர்களைப் பார்ப்பதைவிட, அஷ்டமி அன்று முகம் சுருங்கி வந்து ரத்துப் பத்திரம் எழுதுகிறவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். எது எங்கே தவறியது என்று அவர்கள் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

பதினைந்து நாளில் பதில் வந்தது. இந்த முறை ஒரே பக்கம். மரத்தடிக்குப் போயிருக்கிறார். அங்கே இருந்த பத்திர எழுத்தர்களில் இருவர் அவருடைய அப்பாவைத் தெரிந்தவர்களாம், நாற்காலி எடுத்துப் போட்டார்களாம். நோட்டில் பதினெட்டுப் பக்கம் ஆகிவிட்டது. கார்டும் அடிக்கக் கொடுத்துவிட்டார். பெயருக்குக் கீழே 'பட்டா, பத்திரம் பார்த்துச் சொல்லப்படும்' என்று போட்டிருக்கிறாராம். சரிதானே என்று கேட்டிருந்தார்.

சரிதான், ஆனால் அதற்குக் கீழே சின்ன எழுத்தில் 'வக்கீலிடமும் காட்டவும்' என்று ஒரு வரி சேர்த்துவிடும்படி இன்று காலை எழுதிப் போட்டேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன். இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் அச்சகத்தில் கார்டு முடிந்திருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்